789: நம் பங்கிலிருந்து நமக்கே உதவித்தொகையா?

வரவுசெலவுத் திட்டத்தோடு அவையில் வைக்கப்படும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு 789 என்ற எண் பழக்கமானது. ஒவ்வொரு துறையின் செலவுக் கணக்கிலும் ஆங்காங்கே அது தலைகாட்டும். அரசுக் கணக்கு முறையில், பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டச் செலவைக் குறிக்கும் சிறுதலைப்பு அது. பழங்குடியினருக்கு 796. கல்வி, சாலை, மின்சாரம், ஊரக வளர்ச்சி என எத்துறையாயினும், அத்துறை நம் மக்களுக்கெனச் செலவிட்டதாகச் சொல்லும் பணம் இந்த எண்ணின்கீழ் பதிவாக வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளாக இந்த எண்ணின்கீழ் புதியதொரு வகைச் செலவு குவிந்து வருகிறது. சாதி வேறுபாடின்றி மாநிலம் முழுவதற்கும் அறிவிக்கப்படும் உதவித்தொகைகள், கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், மின் கட்டணச் சலுகை போன்றவற்றில் தலித் பயனாளிகளுக்குரிய பகுதி 789இலிருந்து எடுக்கப்படுகிறது. “பணம் உங்கள் மக்களுக்குத்தானே போகிறது? இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?” என்று அரசுகள் கேட்கின்றன. கேள்வி நியாயமானது போலவே ஒலிக்கிறது. நம் தோழர்கள் பலரும் இதற்கு விடை சொல்லத் தடுமாறுவதைக் கூட்டங்களில் கண்டிருக்கிறோம். அந்த விடையைத் தெளிவாக வகுத்துக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமூகப் பாதுகாப்புக்குப் பணம் வரும் வழிகள்

முதுமை, நோய், வேலையின்மை, கணவனை இழத்தல், உடற்குறை ஆகிய நிலைகளில் ஒருவர் பசிக்கும் கடனுக்கும் ஆளாகாமல் காப்பது அரசின் கடமை என்பதை இந்திய அரசியலமைப்பின் 41ஆம் கூறு நெறியாக வகுத்திருக்கிறது. அக்கடமைக்கு வேண்டிய பணத்தை நம் நாடு மூன்று வழிகளில் திரட்டுகிறது.

முதல் வழி, பங்களிப்பு. தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் ஒரு பகுதியைச் செலுத்துவது. 1948இல் வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும், 1952இல் வந்த வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் இவ்வகையைச் சேர்ந்தவை. மாதச் சம்பளமும் நிலையான முதலாளியும் உள்ளவருக்கே இது பொருந்தும். வயற்கூலி, செங்கல் சூளை, கட்டட வேலை, ஒப்பந்தத் துப்புரவுப் பணி ஆகியவற்றில் உழைக்கும் நம் மக்களுள் மிகப் பெரும்பாலோர் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.

இரண்டாவது, குறிப்பிட்ட நோக்கத்துக்கென விதிக்கும் செஸ். 1996ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிவைத்தபடி, கட்டுமானச் செலவின்மீது 1 முதல் 2 விழுக்காடு வரை வசூலித்துக் கட்டடத் தொழிலாளர் நல வாரியங்களுக்கு வழங்குவது இதற்கு எடுத்துக்காட்டு. வாரியத்தில் பதிந்து, பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவருக்கு இது உதவும்.

மூன்றாவது, பொது வருவாய். அரசு மக்கள் அனைவரிடமும் வாங்கும் வரியிலிருந்து கொடுப்பது. முதியோர் ஓய்வூதியம், பொது விநியோகம், ஊரக வேலைத் திட்டம், மகளிர் உரிமைத்தொகை ஆகியவை இவ்வழியில் நிகழ்பவை. முறைசாராத் தொழிலில் இருப்பவர் அனைவரையும் எட்டக்கூடிய வழி இது ஒன்றே. ஆகவே நமக்கு இதுவே முதன்மையானது.

பொது வருவாய் என்ற சொல்லை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருமான வரி கட்டுவோர் சிலரே ஆயினும், சோப்பு, எண்ணெய், செருப்பு, கைப்பேசிக் கட்டணம் என எதை வாங்கினாலும் கூலித் தொழிலாளியும் மறைமுக வரி கட்டுகிறார். வருவாயில் அது பிடிக்கும் பங்கு வசதியுள்ளவரைவிட ஏழைக்கே கூடுதல். எனவே பொது நிதியிலிருந்து தலித் மூதாட்டிக்குக் கிடைக்கும் ஓய்வூதியம், பிறர் வரியிலிருந்து அவருக்கு இடப்படும் பிச்சை அன்று. அவரும் கட்டிய வரியிலிருந்து, மற்ற குடிமக்களைப் போலவே அவருக்கும் கிடைக்கும் உரிமை அது.

துணைத் திட்டம் பிறந்த காரணம்

இந்த மூன்றிலும் சேராமல், வேறொரு காரணத்துக்காகப் பிறந்தது பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டம்.

முதல் நான்கு ஐந்தாண்டுத் திட்டங்களில் பொதுவாகச் செலவிடப்பட்ட பணம் ஊருக்குப் போனது, சேரிக்குப் போகவில்லை. ஊர்வரை வந்த மின்கம்பி சேரிக்கு முன்பே நின்றது. பாசனத் திட்டத்தின் நீர், நிலமுள்ளவரின் வயலுக்குப் பாய்ந்தது. “எல்லோருக்குமான திட்டம்” என்று பெயரிட்டால் அது தானாக எல்லோருக்கும் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை பொய்த்தது. எனவே 1970களின் நடுப்பகுதியில் பழங்குடியினருக்கெனத் தனித் துணைத் திட்டமும், 1979-80இல் பட்டியல் சாதியினருக்கெனச் சிறப்பு உட்கூறுத் திட்டமும் வகுக்கப்பட்டன. அப்போது உள்துறையில் பணியாற்றிய பி.எஸ். கிருஷ்ணன் என்ற ஆட்சிப்பணி அதிகாரியின் உழைப்பு இதில் பெரிது. 1980இல் பிரதமர் இந்திரா காந்தி இது குறித்து மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார்.

கருத்து எளியது. ஒரு மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை விழுக்காடோ, திட்டச் செலவில் அத்தனை விழுக்காடு அவர்கள் முன்னேற்றத்துக்கென ஒதுக்கப்பட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. ஒதுக்கிய பணத்தை வேறு நோக்கத்துக்குத் திருப்பக் கூடாது, ஆண்டு முடிந்ததும் காலாவதியாக விடக் கூடாது என்ற இரு நெறிகளும் பின்னர்த் திட்டக் குழுவின் வழிகாட்டுதல்களில் இடம்பெற்றன.

இங்கே கவனிக்க வேண்டியது நோக்கம். பொதுச் செலவில் தலித்துகளுக்குரிய பங்கைக் கணக்கில் காட்டுவதற்காக இத்திட்டம் வரவில்லை. நூற்றாண்டுகளாக நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டதால் உண்டான இடைவெளியை அடைப்பதற்காக வந்தது. நிலம் வாங்கித் தருவது, மாணவர் விடுதி கட்டுவது, கல்வி உதவித்தொகை கொடுப்பது, தொழில் தொடங்கக் கடனும் மானியமும் தருவது, குடியிருப்புக்குக் குடிநீரும் மயானத்துக்குப் பாதையும் அமைப்பது ஆகியவை அதற்குரிய பணிகள். இந்த இடைவெளி மற்ற சாதியினருக்கு இல்லை என்பதால்தான் தனித் தொகை தேவைப்பட்டது.

ஒரு கணக்கு

இப்போது ஒரு சிற்றூரைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே நூறு பெண்கள். அவர்களுள் இருபது பேர் ஆதிதிராவிடர். அரசு நூறு பேருக்கும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை அறிவிக்கிறது. ஓராண்டுக்கு 12 லட்சம் ரூபாய் செலவு. அதில் ஆதிதிராவிடப் பெண்களுக்குப் போவது 2,40,000 ரூபாய். மற்ற எண்பது பேருக்குப் போவது 9,60,000 ரூபாய். அதே ஊருக்குத் துணைத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வர வேண்டும் எனக் கொள்வோம்.

முதல் முறையில், உதவித்தொகை முழுவதும் பொது நிதியிலிருந்து வருகிறது. ஆதிதிராவிடப் பெண்கள் 2,40,000 ரூபாய் பெறுகிறார்கள். அதற்கு மேல், துணைத் திட்டத்தின் 6 லட்சமும் அவர்கள் குடியிருப்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வருகிறது. மொத்தம் 8,40,000 ரூபாய்.

இரண்டாம் முறையில், ஆதிதிராவிடப் பெண்களுக்குரிய 2,40,000 ரூபாயைத் துணைத் திட்டத்திலிருந்து அரசு எடுத்துக்கொள்கிறது. அப்பெண்கள் கையில் கிடைப்பது அதே ஆயிரம் ரூபாய்தான். ஆனால் துணைத் திட்டத்தில் எஞ்சுவது 3,60,000 ரூபாய். மொத்தம் 6 லட்சம்.

மற்ற எண்பது பெண்களின் நிலை என்ன? இரண்டு முறையிலும் அவர்களுக்கு 9,60,000 ரூபாய் பொது நிதியிலிருந்து வருகிறது. அவர்களுடைய பிள்ளைகளின் விடுதிப் பணத்தையோ தெருவின் குடிநீர்ப் பணத்தையோ யாரும் தொடவில்லை. எண்பது பேருக்கு அரசு கொடுத்தது. இருபது பேருக்கு, அவர்கள் பணத்தையே எடுத்து அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தான் கொடுத்ததாகச் சொல்கிறது.

பணம் தலித் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போகிறது என்பது உண்மை. ஆனால் அவருக்கு மட்டும் அது அவருடைய இன்னொரு உரிமையிலிருந்து பிடித்துக்கொண்டு கொடுக்கப்படுகிறது என்பதும் உண்மை. இதைத்தான் நாம் நிதித் திருப்பம் என்கிறோம். அரசு கேட்கும் கேள்விக்கான விடையும் இதுவே.

நடந்தவை

நிதித் திருப்பம் புதிதன்று; காலத்துக்கேற்ப வடிவம் மாறியிருக்கிறது. முதல் வடிவம் வெளிப்படையானது. 2010இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காக, தில்லி அரசின் சிறப்பு உட்கூறுத் திட்ட நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கும் மேல் திருப்பப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற ஆவணங்களால் அது வெளிவந்தது. நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விகளுக்கு விடையளிக்கையில், அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் பணம் திருப்பப்பட்டதை ஒப்புக்கொண்டார். விளையாட்டு அரங்கமும் தெரு விளக்கும் தலித் முன்னேற்றம் ஆகுமா என்று எவரும் கேட்கலாம். அதனால் அதை எதிர்ப்பது எளிதாக இருந்தது.

இரண்டாம் வடிவம் கணக்கெழுத்தில் நிகழ்வது. ஒன்றிய அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் பட்டியல் சாதியினர் நலனுக்கான ஒதுக்கீடு 10அ என்ற அறிக்கையில் வருகிறது. 2025-26இல் அந்தத் தொகை 1,68,000 கோடி ரூபாய்க்கும் மேல். எண் பெரிது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? உர மானியம் போன்ற பொதுச் செலவுகளின் ஒரு பகுதியும் அதில் சேர்த்து எழுதப்படுகிறது. உர மானியம் நிலத்தைத் தொடர்ந்து போவது. நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினரிடம் இருப்பது, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலமற்ற கூலியின் பெயரில் எழுதிய மானியம் யார் வயலில் இறங்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கணக்கெழுத்து மக்கள் வாழ்வில் எப்படிப் பாயும் என்பதற்கு 2021இல் ஒரு பாடம் கிடைத்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மற்றவர் என மூன்றாகப் பிரித்து, தனித்தனிப் பணப் பரிமாற்ற ஆணைகளாக அனுப்புமாறு ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் போகும் செலவைத் தனித் தலைப்புகளில் காட்டுவதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. விளைவு என்ன? ஒரே ஏரிக்கரையில், ஒரே நாளில் மண் வெட்டியவர்களுக்குக் கூலி வெவ்வேறு நாளில் வந்தது. ஒரு பிரிவினருக்குப் பணம் வந்தும் மற்றவர்களுக்கு வராமலும் இருந்த இடங்களில் வேலைத்தளத்திலேயே சாதிப் பிளவு முளைத்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அதே நிதியாண்டில் அம்முறை கைவிடப்பட்டது. அதனால் எந்தத் தலித் தொழிலாளிக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அறிக்கையின் எண் மட்டுமே வளர்ந்தது.

மூன்றாம் வடிவம் இன்றையது, எதிர்ப்பதற்குக் கடினமானது. கர்நாடகத்தில் 2023இல் பொறுப்பேற்ற அரசு ஐந்து உறுதித் திட்டங்களை நடைமுறைப்படுத்தியது. குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, வீட்டு மின்சாரச் சலுகை ஆகியவை அவற்றுள் அடங்கும். மக்களுக்குத் தேவையான திட்டங்களே. ஆனால் 2023-24இல் அவற்றுக்காகப் பட்டியல் சாதி, பழங்குடித் துணைத் திட்ட நிதியிலிருந்து ஏறத்தாழ 11,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தலித், பழங்குடிப் பயனாளிகளுக்கே அது செலவாகிறது என்பது அரசின் விளக்கம். நிதித் திருப்பத்துக்கு வழிவிட்ட 7(ஈ) என்ற சட்டப் பிரிவை அதே அரசு அதே ஆண்டில் நீக்கியது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒரு கதவு மூடப்பட்டபோது இன்னொரு கதவு திறந்திருந்தது.

தமிழ்நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. 2023-24 வரவுசெலவுத் திட்டத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 7,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் சுமார் 1,500 கோடி ரூபாய் ஆதிதிராவிடர் துணைத் திட்டத்திலிருந்து எடுக்கப்படுவதாகச் செய்தி வந்ததும், தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கோரியது. ஆதிதிராவிட மகளிருக்குரிய பங்கே அது என்று அரசுத் தரப்பு விளக்கியது. 7,000 கோடியில் 1,500 கோடி என்பது ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். மேலே நாம் போட்ட சிற்றூர்க் கணக்கின் இருபது பேருக்குரிய பங்கும் ஐந்தில் ஒன்றே என்பதை நினைவில் கொள்ளலாம்.

எதிர்வாதங்கள்

இத்தகைய நிதிப் பதிவை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதங்களையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதல் வாதம்: உதவித்தொகையும் முன்னேற்றமே. பசித்திருக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் ஆயிரம் ரூபாய், அவள் பிள்ளையின் படிப்புக்கும் உதவும். இதை நாம் மறுக்கவில்லை. வட்டிக்காரரிடமும் நிலவுடைமையாளரிடமும் கை நீட்டாமல் இருக்க அந்த ஆயிரம் ரூபாய் எத்தனை உதவுகிறது என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். நம் கேள்வி உதவித்தொகை வேண்டுமா, வேண்டாமா என்பதன்று. எண்பது பேருக்குப் பொது நிதி என்றால், இருபது பேருக்கு மட்டும் ஏன் தனி நிதி என்பதுதான்.

இரண்டாம் வாதம்: துணைத் திட்டப் பணம் ஆண்டுதோறும் செலவாகாமல் திரும்புகிறது, அப்படி வீணாவதைவிட மக்கள் கையில் கொடுப்பது மேல். பணம் ஏன் செலவாகவில்லை? நிலம் வாங்கும் திட்டத்துக்கு நிலம் தேடும் அதிகாரி இல்லை. விடுதி கட்ட இடம் ஒதுக்கினால் ஊரில் எதிர்ப்பு. அதைச் சமாளிக்க நிர்வாகத்துக்கு மனமில்லை. ஆண்டின் கடைசிக் காலாண்டில் நிதி விடுவிக்கப்படுகிறது. நிர்வாகம் தன் கடமையைச் செய்யாததற்குத் தண்டனை, அப்பணத்துக்குரிய மக்களுக்கா?

மூன்றாம் வாதம்: மாநிலங்களிடம் பணம் இல்லை. இதில் உண்மை உண்டு. ஒன்றிய வரி வருவாயில் மாநிலங்களுக்கு 41 விழுக்காடு என்று பதினைந்தாம் நிதிக்குழு பரிந்துரைத்தது. ஆனால் செஸ், கூடுதல் வரி ஆகியவை பகிர்வுக்கு உரியவை அல்ல. ஒன்றிய அரசு அவ்வழியில் திரட்டும் பணம் பெருகப் பெருக மாநிலங்களின் கை சுருங்குகிறது. தேசிய சமூக உதவித் திட்டத்தின்கீழ் 60 முதல் 79 வயதுவரை உள்ள முதியோருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 1995இல் 75 ரூபாயாகத் தொடங்கி, 200 ஆக உயர்ந்தபின், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது அசையவில்லை. தமிழ்நாட்டில் 2023 முதல் ஓய்வூதியம் 1,200 ரூபாய் எனில், இடையிலுள்ள சுமை மாநிலத்துடையது.

பணமில்லை என்பது எல்லா இடத்திலும் உண்மையா? 2015இல் செல்வ வரி நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1985இல், சொத்துரிமை மாற்றத்தின்மீதான மரணத் தீர்வை ஒழிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் பெருநிறுவன வரி குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் விடுபடும் என்று ஒன்றிய அரசே மதிப்பிட்டது. செல்வத்தின்மீது வரி வேண்டாமென முடிவெடுத்த நாடு, ஏழைப் பெண்ணின் உதவித்தொகைக்குத் தலித் மாணவரின் விடுதிப் பணத்தைத் தேடுகிறது. ஒன்றிய அரசுடன் மாநிலம் வாதாட வேண்டிய இடத்தில் நாமும் மாநிலத்தின் பக்கம் நிற்போம். ஆனால் அந்தப் பற்றாக்குறையை நம்மிடம் மட்டும் வசூலிப்பதை ஏற்க இயலாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த முறை நம்மை ஒரு பொறியில் சிக்கவைக்கிறது. நிதித் திருப்பத்தை எதிர்த்தால், “தலித் அமைப்புகள் பெண்களின் உதவித்தொகையை எதிர்க்கின்றன” என்று பேசப்படும். எதிர்க்காவிட்டால் துணைத் திட்டம் வெறும் கணக்குப் பெயராகிவிடும். இந்தப் பொறியிலிருந்து வெளிவர நம் கோரிக்கையை இரண்டாகச் சொல்ல வேண்டும்: உதவித்தொகையை உயர்த்து, அதைப் பொது நிதியிலிருந்து கொடு, துணைத் திட்டத்தைத் தொடாதே, அதை முழுமையாகச் செலவிடு. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் சொல்லலாகாது.

எடுபடும் பணத்தின் விலை

துணைத் திட்டப் பணம் குறைந்தால் யாருக்கு என்ன இழப்பு என்பதை மாணவர்கள் நேரடியாக அறிந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். 1944இல் தொடங்கிய திட்டம் அது. தலைமுறைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. ஒவ்வோர் ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவிலும் இருந்த செலவு அளவை மாநிலமே ஏற்க வேண்டும், அதற்கு மேற்பட்டதையே ஒன்றிய அரசு தரும் என்ற விதியால், காலப்போக்கில் ஒன்றியத்தின் பங்கு மெலிந்தது. 2017-18 முதல் 2019-20 வரை ஒன்றிய அரசு ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாயே தந்தது. மாநிலங்கள் தாமதித்தன. கல்லூரிகள் கட்டணம் கேட்டன. தேர்வுக்கூட நுழைவுச் சீட்டுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் மாணவர்கள் அலைந்தார்கள். கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

தொடர்ந்த போராட்டங்களுக்குப் பின், 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை விதியை மாற்றியது. ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கீட்டில், ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டம் ஏற்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய் ஒன்றியத்தின் பங்காகும் என்று அரசு அறிவித்தது. முந்தைய ஆண்டுகளின் 1,100 கோடியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், நம் பிள்ளைகள் எவ்வளவு இழந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். துணைத் திட்டத்துக்குரிய உண்மையான செலவு இத்தகையது. இது வேறு எவருக்கும் போகாது. கணக்கில் மட்டும் நிற்காது. ஒரு மாணவியின் கட்டணச் சீட்டாக மாறும்.

சட்டம் மூடாத கதவு

2013இல் ஆந்திரப் பிரதேசம் துணைத் திட்டத்துக்கெனச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு கர்நாடகம், 2017இல் தெலங்கானா, 2022இல் ராஜஸ்தான் ஆகியவை தொடர்ந்தன. நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றமும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. ஒன்றிய அளவில் இன்றும் அத்தகைய சட்டம் இல்லை. அங்கே 2017-18 முதல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவினையே நீக்கப்பட்டது. “திட்டச் செலவில் மக்கள்தொகைக்கேற்ற பங்கு” என்ற பழைய அளவுகோலின் அடித்தளம் அதனால் நழுவியது. இப்போது அமைச்சகத்துக்கு அமைச்சகம் வெவ்வேறு விழுக்காடு.

ஆனால் சட்டம் வந்த மாநிலங்களிலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஆந்திர, கர்நாடகச் சட்டங்கள் செலவுகளை நான்கு வகையாகப் பிரிக்கின்றன: தனிநபருக்கு அல்லது குடும்பத்துக்கு நேரடியாகப் பயன்படுபவை, தலித் குடியிருப்புகளுக்குப் பயன்படுபவை, மற்றவர்களோடு சேர்ந்து தலித்துகளும் பயன்பெறும் பொதுத் திட்டங்கள், பிரிக்க முடியாத பெருங்கட்டுமானங்கள். முதல் இரண்டும் துணைத் திட்டத்தின் உயிர். நான்காவதைக் கர்நாடகம் நீக்கிவிட்டது. மூன்றாவது, பொதுத் திட்டத்தில் தலித் பயனாளிகளின் பங்கைத் துணைத் திட்டத்தில் எழுத இடமளிக்கிறது. உறுதித் திட்டங்களுக்குப் பணம் போவது இந்த மூன்றாம் கதவு வழியாகத்தான். எனவே “சட்டத்துக்கு உட்பட்டே செய்தோம்” என்று அரசு சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சட்டத்தில் மாற வேண்டியது இந்த இடம்: எல்லாக் குடிமக்களுக்கும் வழங்கப்படும் சமூகப் பாதுகாப்புத் தொகையின் எப்பகுதியும் துணைத் திட்டச் செலவாகக் கருதப்படலாகாது என்ற ஒற்றை வரி.

நாம் செய்யக்கூடியது

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரவுசெலவுத் திட்ட ஆவணங்கள் இணையத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர் நால்வர் கூடினால் ஒரு துறையின் கணக்கை ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.

முதலில், ஒரு துறையின் மானியக் கோரிக்கைப் புத்தகத்தை எடுத்து, 789 வரும் ஒவ்வொரு வரியையும் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு வரிக்கும் மூன்று தொகைகளைப் பதிய வேண்டும்: ஆண்டுத் தொடக்கத்தில் அறிவித்த மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, ஈராண்டு கழித்து வரும் உண்மைச் செலவுக் கணக்கு. அறிவிப்புக்கும் செலவுக்கும் இடையிலுள்ள தூரம் அதில் தெரியும். மூன்றாவதாக, ஒவ்வொரு வரியிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தத் துணைத் திட்டமே இல்லாதிருந்தாலும் இந்தச் செலவு நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் அது கணக்கெழுத்து. நடந்திருக்காது என்றால் அது துணைத் திட்டம். விடுதியின் உணவுச் செலவு இரண்டாம் வகை. மாநிலம் முழுவதற்குமான உதவித்தொகையின் ஒரு துண்டு முதல் வகை.

பிறகு மாவட்ட அளவில், பொதுத் தகவல் அலுவலரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்: நம் ஒன்றியத்தில் 789இன்கீழ் எந்தக் குடியிருப்பில், என்ன பணிக்கு, எவ்வளவு செலவானது? விடையை எடுத்துக்கொண்டு அந்தக் குடியிருப்புக்கே போய்ப் பார்க்க வேண்டும். காகிதத்தில் இருக்கும் பாதை தரையில் இருக்கிறதா என்று அங்குள்ளவர்களிடம் கேட்க வேண்டும். கிராம சபையில் அதை வாசிக்க வேண்டும். தில்லியில் 2010இல் உண்மையை வெளிக்கொணர்ந்ததும் இதே சட்டமும் இத்தகைய உழைப்பும்தான்.

முதியோருக்கும் பெண்களுக்கும் அரசு தரும் உதவித்தொகை இன்னும் உயர வேண்டும். இன்னும் பலரை எட்ட வேண்டும். அந்தக் கோரிக்கையில் மற்ற உழைக்கும் மக்களோடு நாம் ஒரே வரிசையில் நிற்கிறோம். அந்த வரிசையில் எண்பது பேருக்கு ஒரு பெட்டியிலிருந்தும் இருபது பேருக்கு வேறொரு பெட்டியிலிருந்தும் பணம் கொடுக்கும் முறை ஒழிய வேண்டும். சமூகப் பாதுகாப்பு குடிமக்கள் என்ற முறையில் நமக்குரியது. துணைத் திட்டம் வரலாற்று அநீதிக்கு ஈடாக நமக்குரியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டம் அவையில் வைக்கப்படும் நாளில், உரையைக் கேட்பதோடு நிற்காமல், 789ஐத் தேடிப் படிப்போம்.